செங்காந்தள் சாகுபடியும் அதன் நஞ்சும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் வளரும் சிறுவன் ஒருவன், ஒரே கொடியை நான்கு பெயர்களால் கேள்வியுறுகிறான். தமிழ்ப் பாடநூலில் அது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். மலையாளம் பேசும் அண்டை வீட்டார் அதனை மேந்தோன்னி என்பர். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தாராபுரம் சென்று வரும் உழவர்களின் பேச்சில் அது கண்வலிக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையிலோ அது கலப்பைக்கிழங்கு.

இந்நான்கும் ஒன்றே என்பதை அச்சிறுவனுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேந்தோன்னி நஞ்சு என்று கேட்டறிந்தவன், பாடநூலில் படித்த செங்காந்தளை அச்சமின்றிக் கையால் தோண்டக்கூடும். கண்வலிக்கிழங்கு நல்ல விலை போகிறது என்று கேட்ட உழவர், அதன் விதையை வீட்டுத் தானியக் குதிரின் அருகிலேயே வைக்கக்கூடும். ஒரு செடிக்குப் பல பெயர்கள் வழங்குவது மொழி வளத்தின் அறிகுறிதான். ஆயினும் எச்சரிக்கை ஒரு பெயரோடும் புகழ்ச்சி மற்றொரு பெயரோடும் நின்றுவிடுமாயின், அவ்வளமே ஆபத்திற்கு இடம் தந்துவிடும். ஆகவே, இக்கொடியின் இயல்பையும், அதனைப் பயிரிடும் முறையையும், அதன் நஞ்சின் தன்மையையும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஒருசேர அறிந்திருத்தல் நலம்.

கொடியின் இயல்பு

இதன் தாவரநூற் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பெயரை இட்டார். முன்பு இது அல்லிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. இப்பொழுது கோல்ச்சிகேசியே என்னும் தனிக்குடும்பத்தில் வைக்கப்படுகிறது. வெப்ப மண்டல ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இது இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. இலங்கைத் தமிழர் இதனைக் கார்த்திகைப்பூ என்பர். சங்க நூலாகிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகக் கூறப்படும் மலர்களுள் முதலில் நிற்பதும் காந்தளே.

செங்காந்தள் பல்லாண்டு வாழும் கொடி. ஆனால் மண்ணுக்கு மேல் உள்ள தண்டு ஒரு பருவமே நிற்கும். மழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து தளிர் எழுகிறது. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகிலுள்ள செடியையோ வேலியையோ பற்றிக்கொள்கிறது. மலரில் ஆறு இதழ்கள் உண்டு. அவற்றின் ஓரங்கள் அலை போல நெளிந்திருக்கும். இதழ்கள் பின்னோக்கி வளைந்து மேலெழும். அரும்பில் பச்சையாக இருந்து, பிறகு அடிப்பகுதி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, முதிர முதிர முழுதும் சிவந்துவிடும். காய் முதிர்ந்தபின் தண்டு காய்ந்து மடியும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இக்கொடியைப் பயிரிடும் முறை முழுவதும் இரண்டு உறுப்புகளின் அமைப்பைச் சார்ந்துள்ளது எனலாம். ஒன்று கிழங்கின் கவை. மற்றொன்று சூல்தண்டின் வளைவு. இவ்விரண்டையும் புரிந்துகொண்டவர்க்கு மற்றவை எளிதில் விளங்கும்.

கிழங்கின் அமைப்பு

செங்காந்தளின் கிழங்கு கலப்பையைப் போலக் கவைத்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்னும் தமிழ்ப் பெயரும் லாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் இவ்வடிவத்தால் வந்தவை. கவையின் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை உண்டு. உருளைக்கிழங்கைப் போல இதற்குப் பல கண்கள் கிடையா. ஆகவே, தோண்டும்போதோ மூட்டை கட்டும்போதோ நுனி ஒடிந்துவிட்டால் அக்கிளை முளைப்பதில்லை. எடை குறையாமல், பார்வைக்கு நன்றாகவே இருக்கும் கிழங்கு நட்ட இடத்தில் வீணாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி அழிய, அதன் இடத்தில் புதிய கவைக்கிழங்கு உருவாகிறது. ஒரு கிழங்கிலிருந்து ஓராண்டில் பெரும்பாலும் ஒரு கவையே கிடைப்பதால் பெருக்கம் மெதுவாகவே நடைபெறும். விதையிட்டும் வளர்க்கலாம், ஆனால் விதை முளைப்பதற்கு நெடுநாள் ஆகும், முளைத்த செடி பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். எனவே உழவர்கள் கிழங்கையே நடுகின்றனர்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 45 செ.மீ. இடைவெளி விட்டால், ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 37,000 கிழங்குகள் வேண்டும். ஒவ்வொன்றும் 60 கிராம் எடையுள்ளதாயின், மொத்தம் இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. மெதுவாகப் பெருகும் பயிருக்கு இவ்வளவு விதைக்கிழங்கு எங்கிருந்து வரும்? சாகுபடி பரவிய காலத்தில் காடுகளிலும் புதர்களிலும் தானாக வளர்ந்த கிழங்குகள் பெருமளவில் தோண்டி எடுக்கப்பட்டன. பல இடங்களில் காட்டுக் கொடி அருகிவிட்டது. புதிதாகத் தொடங்குவோர், முன்னரே பயிரிட்டுள்ள தோட்டங்களிலிருந்து கிழங்கு பெற்று, சிறு பரப்பில் தொடங்கி, தம் நிலத்திலேயே பெருக்கிக்கொள்வதே முறையாகும். மலையடிவாரத்தில் தோண்டி வந்த கிழங்கை வாங்கலாகாது என்பதைக் களப்பணியாளர் வற்புறுத்திச் சொல்லுதல் வேண்டும்.

நிலமும் பருவமும்

தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம், ஜெயங்கொண்டம் ஆகிய பகுதிகளில் இது வாணிகப் பயிராக வளர்க்கப்பட்டு வருகிறது. இவற்றுள் முதல் நான்கும் மழை குறைந்த கொங்கு நாட்டுச் சூழலைச் சேர்ந்தவை. ஆண்டுக்கு 70 செ.மீ. அளவான மழை இக்கொடிக்குப் போதும்.

கேரளத்தின் சராசரி மழை ஏறத்தாழ 300 செ.மீ. ஆயினும், சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குன்றிய பகுதி. தட்பவெப்ப நிலையில் கோவைப் பக்கத்தையே பெரிதும் ஒத்தது. ஆகவே தாராபுரத்தில் விளைவது இங்கும் விளையும் என்று கருதத் தோன்றும். மண்ணைப் பார்க்காமல் அவ்வாறு முடிவு செய்தல் தவறு. கேரளத்தில் கரிசல் மண் காணப்படுவது சித்தூர் வட்டத்திலேதான். அது நீரை இறுகப் பிடித்து வைக்கும் களிமண், காரத்தன்மையும் உடையது. செங்காந்தளுக்கோ நீர் தேங்காத செம்மண் அல்லது செம்பொறை மண் வேண்டும். மண்ணின் அமில காரக் குறியீடு 6 முதல் 7 வரை இருத்தல் நன்று. கரிசலில் நட்ட கிழங்கு தொடர்மழையில் அழுகிவிடும். ஒரே ஊரில் ஒரு வயல் செம்மண்ணாகவும் அடுத்த வயல் கரிசலாகவும் இருப்பது இப்பகுதியில் அரிதன்று. எனவே, கிழங்கு வாங்குவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது, ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரம் இட்டு, சால் எடுத்து, நுனி ஒடியாத, நோயற்ற, 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். சிறு கிழங்குகள் முளைத்தாலும் முதலாண்டில் நன்றாகப் பூப்பதில்லை. நடுமுன் கிழங்கைப் பூசணக்கொல்லிக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்துவது அழுகலைக் குறைக்கும்.

படர்வதற்குத் துணை

பற்றுக்கம்பி உள்ள கொடிக்குத் துணை இன்றியமையாதது. கொங்கு நாட்டு மேய்ச்சற் காடுகளின் வேலியில் முட்கிளுவை நிற்பதையும், மழைக்காலத்தில் அதன்மீது செங்காந்தள் தானாகப் படர்ந்து பூத்திருப்பதையும் பலர் கண்டிருப்பர். இயற்கையில் கண்ட இதனையே உழவர்கள் வயலுக்குக் கொண்டுவந்தனர். கிளுவைக் கொம்புகளையும் விராலிக் குச்சிகளையும் வரிசையாக ஊன்றி அவற்றின்மீது கொடியை ஏற்றினர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் படரவிடும் முறையும் இப்பொழுது பரவலாக உள்ளது. எதுவாயினும், தளிர் 30 செ.மீ. உயரம் எழுமுன் துணை நிற்க வேண்டும். தரையில் கிடந்த கொடியைப் பின்னர் எடுத்துக் கட்ட முற்பட்டால் தண்டு ஒடியும். ஒடிந்த தண்டுக்குப் பதிலாக அப்பருவத்தில் வேறு தண்டு வருவது அரிது.

உரமும் நீரும்

ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 75 கிலோ என்னும் அளவு பரிந்துரைக்கப்படுகிறது. மணிச்சத்து, சாம்பல்சத்து முழுவதையும் தழைச்சத்தில் பாதியையும் அடியுரமாக இட்டு, எஞ்சிய தழைச்சத்தை ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து இருமுறை பகிர்ந்து இடலாம். நடவின்போது நீர் பாய்ச்சி, பிறகு மண்ணின் ஈரம் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். காய் முதிரும் காலத்தில் நீரைக் குறைத்துவிடலாம். களை எடுக்கும்போது கூர்மையான கருவி தளிரிலோ கிழங்கின் நுனியிலோ படாதவாறு கவனித்தல் வேண்டும்.

இலையை உண்ணும் புழுக்களுள் முதன்மையானது லில்லிப் புழு எனப்படுவது. அது கூட்டமாக வந்து சில நாட்களில் கொடியை மொட்டையாக்கிவிடும். தொடக்கத்திலேயே பொறுக்கி அழித்தால் மருந்து தெளிக்கும் தேவை பெரும்பாலும் எழாது. இலைக்கருகல், கிழங்கழுகல் ஆகியவை பிற இடையூறுகள். வடிகால் செம்மையாக இருப்பதே இவற்றிற்கு முதற்காப்பு.

மகரந்தச் சேர்க்கை

இனி, சூல்தண்டின் வளைவுக்கு வருவோம். மலரின் சூலகத்திலிருந்து எழும் தண்டு, நேராக நீளாமல் அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீள்கிறது. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரங்களைப் போல வெளிப்புறம் பரந்து நிற்கின்றன. மலர் தன் மகரந்தத்தைத் தானே பெற்றுக்கொள்ளாதபடி இயற்கை இவ்வாறு விலக்கி வைத்துள்ளது. தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் மகரந்தத்தை ஒரு மலரிலிருந்து மற்றொரு மலருக்குக் கொண்டுசெல்கின்றன.

காட்டில் ஆங்காங்கே பூக்கும் கொடிக்கு இது போதுமானது. ஒரு வயல் முழுதும் ஒரே நேரத்தில் பூக்கும்போது அவை எல்லா மலர்களையும் நாடுவதில்லை; பல மலர்கள் காயாகாமல் உதிர்கின்றன. ஆகவே உழவர்கள் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்கின்றனர். காலை 8 மணி முதல் 11 மணி வரை, நன்கு மலர்ந்த பூவின் மகரந்தத்தை மென்தூரிகையில் எடுத்தோ, மகரந்தப்பையையே கொண்டோ, மற்றொரு கொடியின் மூன்று பிளவான சூல்முடியில் தடவுவர். பெரும்பாலும் பெண் தொழிலாளர்களே நாள்தோறும் வயலில் நின்று இவ்வேலையைச் செய்கின்றனர். இப்பயிரின் கூலிச் செலவில் பெரும்பகுதி இதற்கே ஆகும். விளைச்சலும் இதனைப் பொறுத்ததே.

அறுவடை

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் பறிப்புக்கு வரும். வெளிர்பச்சையான காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கத் தொடங்குவதே தக்க அடையாளம். வெடிக்கவிட்டால் விதை சிதறும். காயை நிழலில் உலர்த்தி, செம்மஞ்சள் நிற விதைகளைப் பிரித்து மீண்டும் நிழலிலேயே காயவிட வேண்டும். முதலாண்டில் ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை எதிர்பார்க்கலாம். அடுத்த ஆண்டுகளில் விளைச்சல் உயரும். ஒருமுறை நட்ட கிழங்கை நான்கைந்து ஆண்டுகள் நிலத்தில் விட்டு வைக்கலாம்.

உண்பதற்கு உதவாத இவ்விதையை மருந்துத் தொழிலைச் சார்ந்தோர் மட்டுமே வாங்குகின்றனர். எனவே விலை ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறி இறங்குகிறது. நிலம் முழுவதையும் இதற்கே ஒதுக்குவதும், கடன் பெற்று முதலீடு செய்வதும் விவேகமன்று.

நஞ்சும் மருந்தும்

விதையின் மதிப்புக்குக் காரணம் அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள். 1820-ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, காவாந்து என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார் ஐரோப்பியச் செடியாகிய கோல்ச்சிகத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் சின்கோனாப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. கோல்ச்சிகத்துக்குச் சொந்தமான இப்பொருள் அதன் உறவான செங்காந்தளிலும் உள்ளது. கிழங்கைவிட விதையில் மிகுதி. ஒரு கிலோ விதையில் ஏழெட்டு கிராம் அளவு இருக்கக்கூடும். மருத்துவர் கொடுக்கும் மாத்திரையில் உள்ளதோ அரை மில்லிகிராம் அளவே. அதாவது, ஒரு கிலோ விதை பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளுக்குப் போதுமானது. இவ்வொரு கணக்கே நஞ்சின் வலிமையை உணர்த்தப் போதும்.

கோல்ச்சிசின் எவ்வாறு வேலை செய்கிறது? உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மெல்லிய இழைகள் தோன்றி நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்கின்றன. கோல்ச்சிசின் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கிறது. நிறமூர்த்தங்கள் இரட்டித்த பின்னும் உயிரணு பிரிவதில்லை. 1937-ஆம் ஆண்டில் பிளேக்ஸ்லி, ஏவரி என்னும் அமெரிக்க அறிஞர்கள் இதனைப் பயன்படுத்திச் செடிகளின் நிறமூர்த்த எண்ணிக்கையை இரட்டிக்கலாம் என்று காட்டினர். ஜப்பானிய அறிஞர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியதும் இவ்வழியைப் பின்பற்றியே.

தர்ப்பூசணியில் நன்மை செய்த அதே செயல் மனித உடலில் தீமையாகிறது. உடலில் எவ்வணுக்கள் விரைந்து பிரிகின்றனவோ அவையே முதலில் தாக்கப்படுகின்றன: குடலின் உட்தோல், எலும்பினுள் இரத்தம் உண்டாக்கும் மச்சை, மயிர்க்கால். உண்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, கடும் பேதி தோன்றும். பிறகு சற்றுத் தணிந்தது போலத் தோன்றலாம். அவ்வேளையில் இரத்த அணுக்கள் குறைந்துகொண்டிருக்கும்; பிழைத்தவர்க்கும் ஒன்றிரண்டு வாரங்களில் தலைமயிர் உதிரும். இலங்கையில் கிழங்கை உண்ட ஒருவருக்கு உடல் முழுதும் மயிர் உதிர்ந்த செய்தி 1966-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி அவித்து உண்டு பாதிக்கப்பட்டவர்கள் அங்கே பலர். அவிப்பதால் இந்நஞ்சு கெடுவதில்லை என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஆயினும் இதே பொருள், மிகச் சிறு அளவில், கீல்வாத வகைகளுள் ஒன்றாகிய யூரிக் அமில வாதத்துக்கு நெடுங்காலமாக மருந்தாக உள்ளது. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்து ஒப்புதல் துறை, சிலவகை இதய நோயாளிகளுக்கும் இதனைக் குறைந்த அளவில் அளிக்க இசைவு தந்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் இதில் மிகக் குறுகியது. எனவே கைவைத்தியமாக இக்கிழங்கை எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பயிரிடும் முறையைக் கற்பிப்பவர், பாதுகாக்கும் முறையையும் அன்றே கற்பித்தல் வேண்டும். கிழங்கையும் விதையையும் கையாளும்போது கையுறை அணிதல். வேலை முடிந்ததும் கை கழுவாமல் கண்ணைத் தொடாமையும் உண்ணாமையும். விதையை உணவுப் பொருள்களினின்று விலக்கிப் பூட்டிய அறையில் வைத்தல். விதை இருந்த சாக்கில் பின்னர்த் தானியம் கட்டாமை. காய்ந்த கொடியை மாட்டுக்குப் போடாமை. வள்ளிக்கிழங்கு நட்டுள்ள பாத்திக்கு அருகே இதனை நடலாகாது.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளித் தோட்டத்தில் வளர்க்க வேண்டியதில்லை. வேலியில் பூத்திருக்கும்போது மாணவர்களை அழைத்துச் சென்று தூரத்தில் நிறுத்திக் காட்டுதலே போதும். பற்றுக்கம்பியாக மாறிய இலைநுனியும், மடங்கிய சூல்தண்டும் தாவரநூற் பாடத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். அப்போது கரும்பலகையில் நான்கு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக: செங்காந்தள், மேந்தோன்னி, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு. நான்கும் ஒரே கொடி, நான்கும் ஒரே நஞ்சு என்பதை மாணவர் வாயாலேயே சொல்லச் செய்க.

எவரேனும் தவறி உண்டுவிட்டால், வீட்டு மருந்தில் நேரத்தைக் கழிக்காமல், உண்டதில் எஞ்சிய துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கென முறிமருந்து எளிதில் கிடைப்பதில்லை. விரைந்து சேர்ப்பதே உயிர்காக்கும் வழி. அங்கே மருத்துவர் என்ன உண்டார் என்று கேட்கும்போது, எந்த மொழியில் எந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்பவர்க்கு ஒரே கொடி நினைவுக்கு வர வேண்டும். அவ்வறிவை வீடுதோறும் சேர்ப்பது, விளைச்சலைப் பெருக்குவதற்குச் சற்றும் குறையாத பணியாகும்.